சும்மா வரும் நாய்கள்

கற்பிட்டி
09.02.2014

அன்பின் மயூ,

நீயும் சதீஸும் மகளும் சுகம்தானே? நான் சுகம் என்று எழுதினால் பொய். கையெல்லாம் டெற்றோல் மணம், மனமெல்லாம் கசப்பு.

இன்று காலை கேற்றடியில் ஓர் உரப்பை கிடந்தது. வாயை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே குட்டிகள், எல்லாம் பொட்டை. இரண்டுக்குத்தான் உயிர் இருந்தது. பொட்டைக் குட்டி போட்டால் யூஜீனியா மிஸ் வீட்டில் எறி என்பது இந்த ஊரில் சட்டமாகிவிட்டது. அப்பாவின் பழைய தேங்காய்த் தும்பு மில்லில் நாய்களுக்கு ஓர் இடம் வைத்தேன். இவர்கள் அதைக் குப்பைத்தொட்டி என்று நினைத்துவிட்டார்கள்.

நேற்று ஒருவர் தான் கொண்டுபோன நாயைத் திருப்பிக் கொண்டுவந்தார். "மிஸ், இது குரைக்குது." போன கிழமை இன்னொருவர்: "மிஸ், இது குரைக்குதில்லை." இவர்களோடு கதைத்துவிட்டு நாய்களிடம் போனால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

நீ மட்டும் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன்? ஆறு நாய்களுக்கு உங்கள் இறால் பண்ணை ஆட்களின் வீடுகளில் இடம் பிடித்துத் தந்தாயே. புத்தளம் விடுதியில் ஒரே பாயில் படுத்த காலத்திலிருந்து நீ சொன்ன சொல் தவறியதில்லை. சிவலை எப்படி இருக்கிறாள்? யார் வீட்டில் நிற்கிறாள்?

அன்புடன்,
யூஜி

உடப்பு
20.02.2014

என் யூஜிக்கு,

எடி, உன் கடிதத்தை வாசித்துவிட்டுச் சோறு இறங்கவில்லை. உரப்பைக் கதையெல்லாம் எனக்கு எழுதாதே, என் மனம் இளகியது என்று உனக்குத் தெரியும்தானே.

உன் பிள்ளைகள் எல்லாரும் சுகம். சிவலை நல்லாய்க் கொழுத்துவிட்டாள். அவளை எடுத்த வீட்டில் சின்னப்பிள்ளைகள். அவளுக்குப் பொட்டு வைத்துப் படாத பாடு படுத்துகிறார்களாம்.

இன்னும் நாலைந்து பேர் நாய் கேட்கிறார்கள். குட்டி வேண்டாம், வளர்ந்ததாய், கடுவனாய், நல்ல சத்தம் உள்ளதாய்ப் பார்த்து அனுப்பு. இதோடு ஆட்டோக்கார முத்தலிபு நானாவிடம் கொஞ்சம் இறால் கொடுத்துவிடுகிறேன். தேங்காய்ப்பால் விட்டுச் சமை. நீ மெலிந்துபோனாய் என்று முத்தலிபு நானா சொன்னார்.

உன்
மயூ

கற்பிட்டி
03.03.2014

அன்பின் மயூ,

இறால் வந்தது. அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து வயிறாரச் சாப்பிட்டோம்.

முத்தலிபு நானாவின் ஆட்டோவில் நாலு நாய்களை அனுப்புகிறேன். பாவம் மனுசன், ஒவ்வொரு தடவையும் நாய் ஏற்றினபிறகு தன் மார்க்கம் சொன்னபடி ஆட்டோவை மண்ணும் தண்ணீரும் போட்டு ஏழு தரம் கழுவுகிறார். ஏசிக்கொண்டே கழுவுவார். ஆனால் ஏலாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த நாலில் மொட்டைவாலனுக்கு இடிச் சத்தம் பயம். மழை வந்தால் உள்ளே விடச் சொல். யாரும் கட்டிப்போடக் கூடாது. முன்னே போன ஆறையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேனே, ஏன் அனுப்பவில்லை? சித்திரை விடுமுறையில் நானே வந்து ஒவ்வொரு வீடாய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

யூஜி

உடப்பு
17.03.2014

என் யூஜிக்கு,

நாலும் பத்திரமாய் வந்து, அன்றைக்கே வீடுகளுக்குப் போய்விட்டன.

சித்திரையில் வராதே. வருசப் பிறப்புக்குச் சதீஸின் ஆட்கள் எல்லாம் வீட்டில் நிற்பார்கள், உன்னோடு ஆறுதலாய்க் கதைக்கக் கிடைக்காது. படம் பிறகு எடுக்கலாம். உனக்கு எப்பவும் சந்தேகம்தான். விடுதியிலும் என் தலையணையை மோந்து பார்த்துவிட்டுத்தானே படுப்பாய்!

மயூ

கற்பிட்டி
30.03.2014

மயூ,

போனில் கதைத்தால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்று முத்தலிபு நானாவுக்கு முந்தல் ஊருக்கு ஓர் ஆட்டோ ஓட்டம் இருந்தது. நானும் ஏறினேன். திரும்பும்போது உங்கள் பண்ணைக்குப் போனோம்.

தொட்டி வரம்புகளின் முனைக்கு முனை கட்டை நட்டு, என் நாய்களைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். உட்காரலாம், படுக்க முடியாது. கம்பி அவ்வளவு குட்டை. நிழல் இல்லை. மொட்டைவாலனின் கழுத்தில் கம்பி தசைக்குள்ளே போய்விட்டது. சுற்றிவரப் புழு. முன்னால் வைத்திருந்த இறால் தலைகள் கறுத்து, ஈ மொய்த்துக் கிடந்தன. குடிக்க இருந்தது தொட்டித் தண்ணீர், உப்பு. முத்தலிபு நானா தலையில் கை வைத்துக்கொண்டு, "அல்லாவே, இத்தன தண்ணிக்கு நடுவுல தாகத்துல சாகுதே" என்றார்.

என்னைக் கண்டதும் மொட்டைவாலன் எழும்பி, இல்லாத வாலை ஆட்டினான். மயூ, கடிக்க வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

பத்தில் நாலுதான் மிச்சம். மற்றவை எங்கே என்று காவல்காரர் இன்னாசித்தம்பியிடம் கேட்டேன். பண்ணையின் கடைசித் தொங்கலில் வெட்டியிருந்த ஒரு கிடங்கைக் காட்டினார். பழுதான இறாலையும் அதற்குள்தான் கொட்டுகிறீர்கள். சுண்ணாம்பு தூவியும் அந்த மணம் அடங்கவில்லை. மேலே கிடந்தது சிவலை. பொட்டு வைத்து விளையாடுகிறார்கள் என்று எழுதினாயே, அந்தச் சிவலை.

இது சதீஸின் வேலை, உனக்குத் தெரியாது என்று நான் சொன்னேன். அந்த மனுசன் என்னைப் பார்க்கவே கூச்சப்பட்டார்.

"மிஸ், நான் சொன்னனான், இதுகள் வெயிலில செத்துப்போகும் எண்டு. மயூரதியம்மாதான் சிரிச்சவ. செத்தா என்ன, கற்பிட்டியில இருந்து சும்மா வரும் எண்டு."

குறடு அவரே கொண்டுவந்து தந்தார். கம்பிகளை அறுத்து நாலையும் கொண்டுவந்துவிட்டேன். நீ அனுப்பிய இறாலையும் சுவைத்துத் தின்றேனே.

இன்னாசித்தம்பி சொன்னது பொய் என்று ஒரு வரி எழுது. நம்புகிறேன்.

யூஜீனியா

உடப்பு
12.04.2014

என் யூஜிக்கு,

உனக்குக் கோபம், எனக்கு விளங்குகிறது. ஆனால் சொல்லாமல் பண்ணைக்குள் போனது சரியில்லை. சதீஸுக்கு முன்னால் என் முகத்தில்தான் கரி.

நீ ஒன்றை யோசி. கள்ளர் வந்து இறாலை வாரிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் என்ன செய்வது? நீ அனுப்பியிருக்காவிட்டால் அதுகள் தெருவில் லொறிக்குள் அகப்பட்டுச் செத்திருக்கும். நாய்தானே யூஜி. மனுசரைவிட நாயைப் பெரிதாய் நினைக்கிற அளவுக்கு நீ தனித்துப்போனாய் என்றுதான் எனக்குக் கவலை. முகப்புத்தகத்தில் மட்டும் ஒன்றும் போட்டுவிடாதே.

வாய்க்கொழுப்புப் பிடித்த இன்னாசித்தம்பியை வேலையால் நிற்பாட்டிவிட்டோம். இனி அந்தக் கதை வேண்டாம்.

பிறகு, மகள் அபிஷாவுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். நாய்க்குட்டி வேண்டும் என்று ஒரே அழுகை. உன்னிடம் வெள்ளையாய், சடை உள்ளதாய் ஒன்று வந்தால் எடுத்து வை. அதை வீட்டுக்குள்ளே, மெத்தையில் வைத்து வளர்ப்போம். அது வேறுதானே.

கோபம் ஆறினால் வருசப் பலகாரம் சாப்பிட வா.

உன்
மயூ

கற்பிட்டி
26.04.2014

திருமதி மயூரதி சதீஸ் அவர்களுக்கு,

நாய்க்குட்டி கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தர முடியாது. இந்த மாதமும் இல்லை, எந்த மாதமும் இல்லை.

பண்ணையைப் பற்றிப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். விசாரிக்க வந்தால் இன்னாசித்தம்பி சாட்சி சொல்வார். இப்போது அவர் எங்கள் மில்லில்தான் வேலை செய்கிறார்.

கொண்டுவந்த நாலில் ஒன்று வழியிலேயே முடிந்துவிட்டது. இரண்டு தேறிவருகின்றன. மொட்டைவாலனை உச்சமுனைத் தீவில் ஒரு மீன்பிடிக் குடும்பம் கேட்டது. இந்தத் தடவை நானே தோணி ஏறிப் போனேன். அந்த வீட்டுப் பெண் நல்ல தண்ணீர் நிரம்பிய சட்டியை அவன் முன்னால் வைத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

நாய் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு இல்லை என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எழுதும்போது கை வராது என்று நினைத்திருந்தேன்.

வந்தது.

இப்படிக்கு,
செ. யூஜீனியா