தாய்மாமன் சொல்ல வேண்டிய பெயர்

அண்ணனுக்கு,

சிறைக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும்.

எனக்கு ஆண் பிள்ளை பிறந்து பதினைந்து நாளாகிறது. தூத்துக்குடியில் மாமியார் வீட்டில்தான் இருக்கிறேன். துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து தொட்டில் வாங்கித் தந்தார்கள்.

நேற்று அம்மா வந்திருந்தாள். மாமியார் கொடுத்த தண்ணீரை அவள் தொடவில்லை. இந்த வீட்டுத் தண்ணீர் இன்னும் அவளுக்கு ஆகாது. "ஏளா, தாய்மாமன் காதுல மூணு தடவ சொன்னாத்தான் பிள்ளைக்குப் பேரு. அண்ணன் அடுத்த வாரம் ஜாமீன்ல வாரான். நம்ம தாத்தா பேர வச்சிருவோம், எல்லாம் சரியாப் போவும்" என்றாள்.

வழக்கத்தை நான் மீறவில்லை. நீயே வந்து சொல். பெயரை மட்டும் நான் முடிவு செய்துவிட்டேன். அவனுடைய அப்பா பெயர்.

உனக்கு அது வாயில் வரும். அன்று உப்பளத்து ரோட்டில் எங்கள் பைக்குக்குப் பின்னாலிருந்து அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாய். மச்சான் கூப்பிடுகிறானே என்று அவர் வண்டியை நிறுத்திக் கழுத்தைத் திருப்பினார். உன் கையில் அரிவாள் இருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன்.

பிள்ளை காதில் மெதுவாகச் சொல். கூப்பிட்டால் அவனுக்குத் திரும்பத் தெரியாது. இன்னும் கழுத்து நிற்கவில்லை.

உன் தங்கச்சி