பக்கத்து நாற்காலி

பெரியவளின் அம்மாவுக்கு,

மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

நேற்று இதயப் பரிசோதனைக்குத் தனியாகப் போனேன். ஸ்கேனில் மாற்றமில்லை என்றார் டாக்டர். பிறகு நர்ஸ் எப்போதும் கேட்பதைக் கேட்டாள். "உங்க உடம்பு எப்படி இருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க? நல்லா இருக்கா, சுமாரா, மோசமா?"

பழக்கதோஷம், பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். ஆபரேஷன் ஆனதிலிருந்து இந்தக் கேள்விக்கு நீதானே முந்திக்கொண்டு, "நல்லாத்தான் இருக்காரு" என்பாய். நாற்காலியில் என் பைதான் இருந்தது.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இத நீங்கதான் சொல்லணும் ஐயா. ஸ்கேன் ஒரே மாதிரி இருந்தாலும், மோசம்னு சொல்றவங்களுக்குத்தான் ஆயுசு குறைவா இருக்காம். அதான் கேக்கறோம்."

அதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கடையைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவன் நான். என் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. நல்லா இருக்கேன் என்றால் பொய் போலிருக்கிறது. மோசம் என்று சொல்லப் பயமாக இருக்கிறது.

எனக்காக நீ வாயைத் திறக்காதே என்று நான் கத்தி, நீ கோபித்துக்கொண்டு போனது சம்பந்தி வீட்டு விஷயத்துக்கு. இந்தக் கேள்வி அதில் சேராது.

வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கப் போகிறேன். அதே நர்ஸ்தான் இருப்பாள். நீ வந்து பக்கத்தில் உட்கார். எதுவும் சொல்ல வேண்டாம். நீ உட்கார்ந்திருந்தால், நல்லா இருக்கேன் என்று நானே சொல்லிவிடுவேன்.

பையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்