சங்கத்துக்குப் போன பாய்

செப்டம்பர் 2, திங்கள்

என் பேத்தி தௌசலாவின் கதைப்புத்தகம் இலக்கியச் சங்கத்தின் பரிசுக்குக் கடைசி ஐந்தில் வந்துவிட்டது! வானொலியில் பெயர் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். விரலை வைத்துப் படித்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. மூன்றாம் கதையில் கோழி திருடும் கிழவி நான்தான். இருக்கட்டும். ஆப்பியா நகரம் முழுக்கச் சொல்லியாயிற்று. மீன் சந்தையில் இரண்டு தடவை.

செப்டம்பர் 4

வெறுங்கையோடு இருப்பதா? நடுவர்கள் மூன்று பேர் கண் நோகப் படிக்கிறார்கள். என் கல்யாணத்துக்கு வந்த, சிவப்பு இறகு வைத்த மெல்லிய பாயையும் சுட்ட பன்றி ஒன்றையும் டாக்சியில் ஏற்றிப்போய், "நடுவர்களுக்கு!" என்று முறைப்படி உரக்கச் சொல்லி, தௌசலா பெயரையும் சொல்லி, சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தப் பாய் படுக்க அல்ல; எங்கள் தீவுகளில் இதைக் கொடுப்பதுதான் பெரிய மரியாதை, திருப்பினால் அவமானம். செயலர் பெனினா வாயைத் திறந்தபடி நின்றாள். சந்தோஷம் போல.

செப்டம்பர் 5

சந்தோஷம் இல்லை. சேதி கேட்டுத் தௌசலா ஓடி வந்தாள்.

"பாட்டி! நடுவருக்கு எதாவது குடுத்தா புத்தகத்தையே தள்ளிடுவாங்க! விதியில இருக்கு!"

"அது மரியாதைடி."

"அவங்களுக்கு அது லஞ்சம்!"

லஞ்சமா? நானா? லஞ்சம் குடுக்கறவ பட்டப்பகல்ல கத்திச் சொல்லியா குடுப்பா? ஐயோ — என் கையாலேயே பிள்ளை பேரை அழிச்சிட்டேனா? நாளை மாலை நடுவர்கள் கூடுகிறார்கள்.

செப்டம்பர் 6

விடிந்ததும் ஓடினேன். "பெனினா, பாயைத் திருப்பிக் குடுத்துடு."

"பாயைத் திருப்புனேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடுவாங்களா? வச்சுக்கவும் முடியல. பன்றி வேற ஃப்ரிட்ஜை அடைச்சுக்கிட்டு நிக்குது!"

கல்யாணமோ சாவோ, வந்ததை நாம் பங்குதானே போடுகிறோம்? "நடுவருக்கு ஒண்ணும் வேணாம். பன்றியை அஞ்சு எழுத்தாளர் வீட்டுக்கும் சமமா வெட்டு. பாய் சங்கத்துக்கு. ஜெயிக்கிறவங்க தோள்ல போடு, ஒரு வருஷம் அவங்க வீட்டுல இருக்கட்டும்."

பெனினா மூன்று இடத்துக்குப் போன் போட்டாள். பிறகு, "இதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க பாட்டி" என்றாள். முழுப் பெயரும் போட்டேன். புத்தகம் பட்டியலிலேயே நிற்கிறது!

செப்டம்பர் 14, சனி

பரிசு விழா. ஜெயித்தது சவாயீ தீவு டீச்சர். பாய் அவள் தோளில் — என்ன பளபளப்பு! எழுந்து ஆடிவிட்டேன்.

"உக்காருங்க பாட்டி, நாம தோத்துட்டோம்."

"பாய் நம்மளோடதுடி!"

அவளும் சிரித்துவிட்டாள், அழுதுகொண்டே.

செப்டம்பர் 16

காலைக் கப்பலில் பாய் சவாயீக்குப் போனது. தௌசலா விடிந்ததிலிருந்து மேசையை விட்டு எழவில்லை. எழுதுகிறாள், எழுதுகிறாள்.

"என்னடி அவ்வளவு அவசரம்?"

"பாயை வீட்டுக்குக் கொண்டு வரணும்ல?"

அவள் பேனாவில் மை தீர்ந்துவிட்டதாம். என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். இதைப் பென்சிலில் எழுதுகிறேன்.