நேராகாத முழங்கை

செப்டம்பர் 4, வியாழன்

பதினெட்டு. போன வாரமும் பதினெட்டு. அதற்கு முந்தின வாரமும்.

கையை நீட்டினால் பூஜ்யம் வர வேண்டும். இடது கைக்கு வருகிறது. வலது முழங்கை பதினெட்டு டிகிரி மிச்சம் வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. மார்ச்சில் எண்பத்தைந்து கிலோவைத் தலைக்கு மேல் வீசியபோது பார் பின்னால் சாய்ந்து மூட்டு விலகியது. வலி எப்போதோ போய்விட்டது. கை மட்டும் நேராகவில்லை.

பிசியோதெரபி நெவேனா கோணமானியைப் பைக்குள் போட்டாள். "முழங்கை மாதிரி ரோஷக்கார மூட்டு வேற இல்லடி ரலீட்சா. தோளைக் கொஞ்சினா வரும். இதை இழுத்தா முறைச்சுக்கும். அதுபாட்டுக்கு விடு."

எப்படி விடுவது? டிசம்பர் 13 தேசியப் பளுதூக்கும் போட்டி. முழங்கை பூட்டாமல் எடையைத் தூக்கினால் நடுவரின் சிவப்பு விளக்கு, தூக்கியது செல்லாது. எனக்கு முப்பத்தொன்று. இன்னொரு வருடம் காத்திருக்க என்னிடம் வருடம் இல்லை.

செப்டம்பர் 8

மேசை விளிம்பில் முழங்கையை வைத்து, மணிக்கட்டில் ஐந்து கிலோ தட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். இருபது நிமிடம். நெவேனாவுக்குத் தெரியாது.

செப்டம்பர் 11

நான்காவது நாள். கண்ணாடி முன் நின்று கையை நீட்டிப் பார்த்தேன். நேராகியிருக்கிறது — நிஜமாகவா, இல்லை என் ஆசையா? நாளை ஏழரை கிலோ.

செப்டம்பர் 13, சனி

வீங்கிவிட்டது. பன் மாதிரி. சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியல. ஏன் இப்படிப் பண்ணேன்? அவ சொன்னாளே, ஒரு தடவையா சொன்னா? எனக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?

வேலை பார்க்கும் நீச்சல் குளத்து டிக்கெட் ஜன்னலில் இடது கையால் தடுமாறிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற அம்மாள், "சீக்கிரம் கிழிச்சுக் குடும்மா, குளம் வத்திடப் போகுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

செப்டம்பர் 15

இருபத்தொன்பது. நெவேனா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "யாரு கட்டச் சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

எக்ஸ்ரேயில் மூட்டுக்குள் மெல்லிய வெள்ளைப் பூச்சு. புது எலும்பு முளைக்கப் பார்க்கிறதாம். அறுவை செய்து சுரண்டலாம், ஆறு மாதம் ஓய்வு, நேராகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். "டிசம்பரை மறந்துடுங்க."

மறக்க மாட்டேன். கத்தியும் வேண்டாம்.

செப்டம்பர் 17

ரங்கேல் வந்தான். பத்து வருடம் ஒரே அணியில் எடை தூக்கியவன். முதுகு போனதும் பயிற்சியாளராகிவிட்டான். நான் சுட்டு வைத்த பாலாடைக்கட்டிப் பனிட்சாவில் பாதியைக் கேட்காமலே பிய்த்துத் தின்றுவிட்டுச் சொன்னான்: "விதிப் புத்தகத்துல ஒரு வரி இருக்கு. கை நேராகாதவங்க அதை முன்னாடியே நடுவர்கிட்ட காட்டணும். காட்டினா, உன் கை போற தூரம்தான் உனக்கு நேர்."

"எல்லார் முன்னாலயும் முடமான கையைத் தூக்கிக் காட்டணுமா? பிச்சை கேக்குற மாதிரி?"

"முடம்னு நீதான் சொல்ற. புத்தகத்துல அந்த வார்த்தையே இல்ல."

"வெளிய போடா."

போனான். மிச்சப் பனிட்சாவையும் எடுத்துக்கொண்டு.

செப்டம்பர் 19

ரங்கேலுக்குப் போன் செய்தேன். "வீக்கம் வத்தினதும் ஆரம்பிக்கிறோம்" என்றேன். "நான் எப்பவோ ஆரம்பிச்சுட்டேன்" என்றான்.

அக்டோபர் 2, வியாழன்

இன்று புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

நேரான கையில் எலும்பு மேல் எலும்பு நிற்கும். எடை அதன் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். என் வலது கையில் அப்படி நிற்காது. மடங்கிய இடத்தில் மேற்கையின் பின்தசை ஒவ்வொரு நொடியும் தாங்கியாக வேண்டும். நெவேனா சொன்னபடி: "தாழ்ப்பாள் இல்லாத கதவு. நீயே சாய்ஞ்சு நின்னு மூடிப் பிடிக்கணும்."

ஆகவே பின்தசை. ஆகவே தோள்பட்டை எலும்பு — அதை மேலே தூக்கி நிறுத்தினால் முழங்கைக்குப் பாதி வேலை மிச்சம். கணுக்கால் இன்னும் மடங்கினால் இடுப்பு இன்னும் தாழும், உடம்பு நிமிரும், பார் பின்னால் போகாது. மார்ச்சில் பழி முழங்கை மேல் விழுந்தது. வீடியோவை மெதுவாக ஓட்டினால் முதலில் எழும்புவது என் குதிகால்.

ஏழு மாதமாக ஒரு மூட்டையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்று: வலது கை சற்றுக் குட்டை என்பதால் பார் சாய்கிறது. இடது பிடியை அரை விரல் வெளியே தள்ளினேன். சமமாக நின்றது. இதற்கா இத்தனை அழுகை!

அக்டோபர் 17

வெறும் பார். நூறு முறை. தொடை நடுங்குகிறது, முழங்கை நடுங்கவில்லை.

நவம்பர் 6

அறுபத்தைந்து. அதற்கு மேல் போகும்போதெல்லாம் பாரைக் கைவிட்டு முன்னால் போட்டுவிடுகிறேன். கைக்கு முடிகிறது. எனக்குத்தான் முடியவில்லை.

ரங்கேல்: "யாரைப் பாத்து ஓடுற?"

குனிந்து பாரை மறுபடி பிடித்தேன். ஓடுவது, மார்ச்சில் மூட்டு விலகியபோது கேட்ட அந்தச் சத்தத்தைப் பார்த்து.

நவம்பர் 20

எழுபத்தெட்டு. ஓடவில்லை.

நெவேனா அளந்தாள், நான் கேட்காமலே. பத்தொன்பது. "பாத்தியா, விட்டா வரும்" என்றாள். இனி இதற்குமேல் வராது என்று இருவருக்கும் தெரியும்.

டிசம்பர் 13, சனி, ப்ளோவ்திவ்

எல்லாம் மறப்பதற்குள் எழுத வேண்டும்.

காலையில் எடை பார்த்ததும் நடுவர் மேசைக்குப் போனேன். மூன்று பேர். சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டினேன். மூத்தவர் எழுந்து வந்து முழங்கையைத் தொட்டார், விரல் பனிக்கட்டி.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

தாளில் ஏதோ குறித்தார். அவ்வளவே. மூன்று மாதம் பயந்தது அரை நிமிடத்தில் முடிந்தது. பிச்சை போலவே இல்லை. பேரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டது போல இருந்தது.

ஒரே வீச்சில் தூக்கும் ஸ்னாட்ச் முதலில். எண்பத்துமூன்று. இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. அந்த மூன்றாமவருக்கு மனசு வரவில்லை. வராவிட்டால் போகட்டும், இரண்டு போதும்.

எண்பத்தேழு. பார் மேலே போனது, கையில் நின்றது, பிறகு பின்னால் — அதே பக்கம், அதே மாதிரி. விட்டுவிட்டேன். பார் தரையில் இடித்தது. கையைத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது. மடக்கினேன், நீட்டினேன்.

ரங்கேல் தண்ணீர் கொடுத்தான். "கேட்ட எடையை இனி எண்பத்துநாலுக்குக் குறைக்க விதி விடாது. விட்டுடலாம்னு சொல்றியா?"

"குதிகால் எழும்பிச்சா?"

"எழும்பிச்சு."

"அப்ப கை மேல தப்பில்ல. அதே எண்பத்தேழு."

மேடையில் ஏறினேன். இடது பிடியை அரை விரல் தள்ளினேன். குதிகாலை மட்டும் நினைத்தேன். தரை, தரை, தரை. இழுத்தேன், கீழே போனேன், பார் வந்து உட்கார்ந்தது. அடியில் குந்தியபடியே ஒரு மூச்சு. வலது பின்தசை தீயாக எரிந்தது. எரியட்டும். எழுந்தேன். நின்றேன். இறக்கச் சொல்லும் மணி அடிக்கும்வரை நின்றேன்.

மூன்று வெள்ளை.

இரண்டாம் பகுதியில் நூற்றுப்பத்து. மொத்தத்தில் இரண்டாவது இடம். ஒரு கிலோ வித்தியாசத்தில் மூன்றாமவளைத் தாண்டினேன்.

முதலிடம் தியோடோராவுக்கு. இருபத்திரண்டு வயது, மாடு மாதிரி பலம். உடை மாற்றும் அறையில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, அந்தக் கையைக் காட்டேன்." நீட்டினேன். தன் கையைப் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்தாள்.

"இதை வெச்சுக்கிட்டா எண்பத்தேழு? அடிப்பாவி. அது நேரா இருந்தா என் கதி என்ன?"

"இனிமே நேராகாது. நிம்மதியா தூங்கு."

டிசம்பர் 14

உடம்பு முழுக்க வலி. வலது முழங்கையைத் தவிர.

ஜனவரி 13, செவ்வாய்

அணியில் எடுத்துவிட்டார்கள், மார்ச்சில் போட்டிக்குத் தாஷ்கண்ட் போக வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்ததைக் கவனிக்கவேயில்லை. பாஸ்போர்ட் தரும் காவல் அலுவலகத்தில் படம் எடுக்க உட்கார வைத்தார்கள்.

"சிரிக்காதீங்க" என்றாள் அந்தப் பெண்.

மறுபடி எடுத்தாள். "அம்மா, சிரிக்கக் கூடாது."

நான்காவது தடவைதான் சரியாக வந்தது.