510511-ஐ வகுத்த எண்

ஜூன் 3

அன்புள்ள கடைசி பெஞ்சுக்கு,

நலமா? ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நீ போனதிலிருந்து இங்கே பால் தினமும் அடுப்பில்தான் பாதி.

வீட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாமென்று இருக்கிறேன். நீ கூப்பிடாத போனுக்கு மேசையில் எதற்கு இடம்? ஆனால் 510511-ஐ விட மனசு வரவில்லை. இணைப்பு வந்த அன்று நான் போட்ட ஆட்டம் ஞாபகமிருக்கிறதா? இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் நம் நம்பர்! இவற்றில் எதால் வகுத்தாலும் மீதி ஒன்று நிற்கும். "பகா எண்ணுடி இது. யாராலயும் பிரிக்க முடியாது, நம்மள மாதிரி" என்றேன். நீ சிரித்தாய்.

நீ போய் ஒரு வருஷமாகிவிட்டது. நீ வருவாய் என்றால் போன் இருக்கட்டும். பதினேழாம் தேதி வரை பார்க்கிறேன்.

உன்
புரொபசர்


ஜூன் 12

அன்புள்ள புரொபசருக்கு,

பாலைச் சின்னத் தீயில் வை. பக்கத்திலேயே நில்.

அது பகா எண் இல்லை. பத்தொன்பதால் வகுத்துப் பார். 19 × 97 × 277. அன்றைக்கு நீ ஸ்வீட் வாங்கப் போன நேரத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். நானும் அதே வகுப்பில் படித்தவள்தானே? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கிற ஆளா? என் பதவி உயர்வு வந்தபோதும், "அவளுக்கு வெளியூர் சரிப்படாது" என்று நீயே எங்கள் ஆபீசுக்கு எழுதிப் போட்டாய். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் உன்னை நினைக்காத நாள் இல்லை.

இப்போது மறுபடி மாற்றல் உத்தரவு, ரொம்ப தூரம். சனிக்கிழமை வரை ஆபீசில் தலை நிமிர நேரமில்லை. பதினெட்டு, ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். எடுத்து, "நீ என்ன நினைக்கிறே?" என்று கேள். போதும், வந்துவிடுவேன். நீ எடுக்காவிட்டால் அதையே பதிலாக வைத்துக்கொண்டு மத்தியான ரயிலில் கிளம்பிவிடுவேன். அப்புறம் தேடாதே.

இந்தத் தடவையாவது பதினேழோடு நிறுத்திவிடாதே.

கடைசி பெஞ்சு


ஜூன் 19

என் கடைசி பெஞ்சுக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. போனைச் சனிக்கிழமையே கொடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா, "திங்கட்கிழமை கூட வரலாம் சார், அவசரமில்லை" என்றார். நான்தான், "இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க" என்று கையெழுத்துப் போட்டேன்.

முக்குக் கடையிலிருந்து ஹாஸ்டலுக்குப் பேசினேன். நேற்று மத்தியானமே பெட்டியோடு போய்விட்டாயாம். புது விலாசம் யாருக்கும் சொல்லக் கூடாது என்றாயாம். இதை அனுப்பி வைக்கும்படி வார்டனிடம் கெஞ்சியிருக்கிறேன்.

பத்தொன்பதால் வகுத்துப் பார்த்தேன். மீதி இல்லை.

நேற்று காலை முழுக்க வீட்டில்தான் இருந்தேன், அந்த மேசைக்குப் பக்கத்திலேயே.

நீ என்ன நினைக்கிறே?

புரொபசர்