இரண்டாவது ஏக்ராய்ட்

அம்மாவுக்கு ஈனாக் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் தணிந்ததா? நான் நலம். சுரங்கத்தில் சின்னச் சரிவு. எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான்.

ஓக் மரங்களை வெட்டித் திருத்திய நிலத்தால் வந்தது நம் குடும்பப் பெயர். நம்மூர் ஹெப்டன்ஸ்டாலில் தெருவெல்லாம் ஏக்ராய்டுகள். இந்த டர்ஹாம் சுரங்கத்தில் நான் ஒருவன்தான் என்றிருந்தேன். இன்று எங்கள் ஷிப்டுக்குப் புதிதாக சேத் ஏக்ராய்ட் வந்தான். அவன் தாத்தா நம்மூராம். மேஸ்திரி அவனைப் பார்த்ததே இல்லை.

சரிந்ததும் மேலே ஏறி வந்தோம்; பட்டியல் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்கள். "ஏக்ராய்ட்" என்ற பெயர் அதில் ஒன்றுதான்; நான் குரல் கொடுத்தேன். எல்லாரும் வந்தாயிற்று என்று தேடுவதை நிறுத்திவிட்டார்கள். சேத் கீழேயே இருக்கிறான்.

"நீதானேடா ஏக்ராய்ட்? அடிபட்டதுல உளர்றே," என்கிறார் மேஸ்திரி.

"இன்னொருத்தன் இருக்கான்யா. எங்க ஊர்ல இந்தப் பேர்ல நூறு பேர் இருக்கோம்."

மண்டியிட்டும் கெஞ்சினேன், நம்பவில்லை. குழிவாயில் காது வைத்தால் தட்டும் சத்தம் கேட்கிறது. எனக்கு மட்டும்தான் கேட்கிறதாம்.

என்னோடு இறங்க இருவர் சம்மதித்தார்கள். அவர்கள் கயிறு எடுத்து வருவதற்குள் இதை எழுதுகிறேன். பயப்படாதீர்கள். கம்பளிக் காலுறை பின்னினால் இரண்டு ஜோடியாக அனுப்புங்கள். அவனுக்கும் என் அளவுதான்.

கூப்பிடுகிறார்கள்.

ஈனாக்