பெரிய குழலின் ரீடு

ஆனால் அண்ணா, உன் கிளாரினெட்டின் வாயில் வைத்துக் கட்டும் அந்த நாணல் ரீடு மட்டும் பெட்டிக்குள் இல்லையே. காலையில்தான் திறந்து பார்த்தேன். தேங்காயெண்ணெயும் கற்பூரமுமாக உன் வாசனை வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ போனதிலிருந்து அழுகையே வரவில்லை. சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. தீட்டு என்று சாமி அறையைச் சாத்திவிட்டோம். முருகனிடம் போய் நிற்கவும் வழியில்லை.

காலையில் பேண்டு மாஸ்டர் வந்தார். "மாரியம்மன் நோம்பி சாட்டிட்டாங்கக்கா. அண்ணனோட பெரிய கிளாரினெட் இல்லாம ஊர்வலம் போக மனசு வல்லீங்க. தம்பி ஒருத்தன் வாசிக்கறேங்கறான். ரீடு இருந்தாக் குடுங்க. அந்த அளவுல கோயமுத்தூர்லயே கெடைக்கலீங்க."

இதே மனிதர்தானே அன்று உன்னை நிறுத்தியவர்? நீ முழ நீளக் குட்டிக் கிளாரினெட் வாசித்த காலம். எத்தனை மேளம் அடித்தாலும் அதன் கீச்சுக்குரல் தெருக்கோடி வரை வரும். அதற்கு உதட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். முன்பல் போனதும் உனக்குக் காற்று சிந்தியது. "செட்டுல இனி எடமில்லீங்கண்ணா" என்றுவிட்டார்.

நீ மூணாறு போய், சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன பெரிய கிளாரினெட்டோடு வந்தாய். அடியில் வளைந்த வெள்ளி வாய், உன் இடுப்புயரம். வரும் வழியில் செக்போஸ்டில் சந்தனக் கடத்தல் என்று உன்னை பஸ்ஸிலிருந்து இறக்கினார்களாம். நீ பெட்டியைத் திறந்து, குழலை மாட்டி ஊதிக் காட்டினாயாம். பின்னால் லாரியில் நின்ற எருமைகள் எல்லாம் பதிலுக்குக் கத்தினவாம். "போங்க போங்க, உங்க சொந்தக்காரங்க கூப்படறாங்க" என்றாராம் போலீஸ்காரர்.

மாஸ்டரும் சிரித்தார். "கல்யாண ஊட்டுக்கு எருமை எதுக்குங்கண்ணா?"

"ஒரு தடவை பின்னால நிக்கறேன். வேண்டாம்னா போயிடறேன்" என்றாய். பெரியதற்கு உதடு இளகியிருந்தால் போதுமே. அன்று உன் குழல் தனியாக யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் எல்லார் பாட்டும் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் பிறகு உன்னை விடவேயில்லை.

ரீட்டைத் தம்ளரில் ஊறவைத்துவிட்டுத்தான் வாசிப்பாய். நான் சண்டை பிடிப்பேன். "எச்சிலைக் கொண்டாந்து சமையக்கட்டுல வெக்கறியேண்ணா!"

"வெளிய வெச்சா உன்ற கோழி தட்டி உட்டுருது. கோழிய வையி" என்பாய்.

நேற்றுக் கோயிலில் ஒத்திகை கேட்டது. யாரும் தப்பாக வாசிக்கவில்லை. அடியில் தரைதான் இல்லை. மாஸ்டரிடம் ரீடு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரு அண்ணா. நீ போன அன்று காலை நான் சமையல்கட்டை மெழுகிக்கொண்டிருந்தேன். ரீடு ஊறும் தம்ளரோடு வந்து என் முகத்தைப் பார்த்தாய். திரும்பிச் சாமி அறைக்குள் போனாய். வெறுங்கையோடு வெளியே வந்தாய்.